என் மிதியும் அவள் தொடையும்

எங்கள் ஊரில் யாருக்காவது இடுப்பு பிடித்துக்கொண்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் காலால் பிறந்தவள். தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்த பிள்ளைகள் மிதித்தால் சுளுக்கு, பிடிப்பு எல்லாம் ஓடிப்போகும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. பிடித்துக்கொண்டவர் குப்புறப் படுக்க வேண்டும். வலிக்கிற இடத்தில் நான் வலது காலால் மூன்று தடவை மிதித்து, குதிகாலால் கீழ்ப்பக்கமாக ஒரு தள்ளு தள்ள வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். ஐந்து வயதிலிருந்து இதுதான் என் உத்தியோகம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பேன், எதிர்வீட்டு டிரைவர் மாமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். "கண்ணு, ஒரு மிதி மிதிச்சுட்டுப் போயேன்" என்பார். எரிச்சலாக வரும். ஆனால் மிதித்து முடித்ததும் அவர் நிமிர்ந்து, "ஆங், போயிடுச்சு" என்று சொல்லும்போது எனக்கு ஒரு மிதப்பு வரும் பாருங்கள், அதற்காகவே எழுந்து போவேன். பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது.

செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். பிளஸ் டூ படித்தபோது ஊர்ப் பெண்கள் கபடி டீமில் நான் கார்னர். அதாவது எதிராளி பாடிக்கொண்டு வரும்போது ஓரத்தில் பதுங்கி நின்று அவள் கணுக்காலைப் பிடிக்கிறவள். அவள் ரெய்டர், பாடிப் போகிறவள். அவள் என்றால் என் வகுப்பு, என் தெரு, என் பெஞ்ச். இதில் இனிமேல் வெறுமனே 'அவள்' என்று வந்தால் அந்த ஒருத்தியைத்தான் சொல்கிறேன்.

அவளுடைய சரக்கு போனஸ். களத்தின் பின்பக்கம் ஒரு கோடு இருக்கும். பாடிப் போகிறவள் யாரையும் தொடக்கூட வேண்டாம். ஒரு கால் அந்தரத்தில் இருக்க, இன்னொரு காலால் அந்தக் கோட்டைத் தாண்டி மிதித்துவிட்டால் ஒரு புள்ளி. அதற்குக் காலை எட்டிப்போட வேண்டும். அவள் எட்டிப்போடுவதைப் பார்த்தால் நமக்கே தொடை இடுக்கில் சுருக்கென்று இருக்கும். ஒரு ஆட்டத்தில் ஐந்து போனஸ் எடுத்திருக்கிறாள். எதிர் டீம்காரிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

அந்த வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குறி. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தனியார் கல்லூரி, கபடி ஆடும் பெண்களைத் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்ளும். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்களே. இரண்டு இடம். அதில் ஒன்று வெளியூர்ப் பெண் ஒருத்திக்கு ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். மிச்சம் ஒன்று. அவள் நைனா ஏர் ஓட்டுகிறவர், வேர்க்கடலை, நெல். "சீட்டு கிடைச்சா படி. இல்லன்னா கம்பெனி பஸ் ஏறு" என்று, அதாவது ஃபேக்டரி வேலைக்குப் போ என்று, சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலும் அதே பாட்டுதான், என் அப்பா குரலை உயர்த்தாமல் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு இடம் அவளுக்குத்தான் என்று ஊரே பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே நானும் ஃபாரம் போட்டேன்.

கோச் சார் சம்பளம் வாங்காமல் எங்களை ஆட வைத்தவர். வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பாட்டம், வந்த பிறகு ஒரு பாட்டம். நல்ல மனிதர், மகா முரடர். அரையாண்டு லீவில் பத்து நாள் தொடர்ந்து எங்களை வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் கடற்கரைக்குக் கொண்டுபோனார். வருஷம் பூராவும் கட்டாந்தரையில் ஆடிய கால்களை கணுக்கால் வரைக்கும் புதைகிற மணலில் ஓட விட்டார். தவளைக் குதி, நொண்டி, மறுபடியும் ஓட்டம். முடிந்ததும் உள்ளங்கால்கள் இரண்டையும் சேர்த்துவைத்து உட்காரச் சொல்வார். முட்டி இரண்டும் தரையைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் டீமிலேயே கனமான பெண்ணை முட்டிமேல் ஏறி நிற்கச் சொல்வார். "இடுக்கு விரிஞ்சாத்தாண்டி போனஸ் வரும்" என்பார். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விரித்தோம். அந்தச் சதைக்கு இழுவை மட்டும் போதாது, பலமும் வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ஐந்தாம் நாள் வேனிலிருந்து இறங்கும்போது அவள் ஒரு காலைக் கீழே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு காலைக் கையால் தூக்கி இறக்கினாள். நான் பார்த்துவிட்டேன்.

"இன்னாடி ஆச்சு?"

"தொட பிடிச்சுகினு கீது. வுடு."

தும்மினால் வலி, படுக்கையில் புரண்டால் வலி, பேண்ட் மாட்ட ஒற்றைக் காலைத் தூக்கினால் வலி. என்னிடம் மட்டும் சொன்னாள். தொடைக்கு மேலே, இடுக்கில், ஆம்பளை கோச்சிடம் காட்டிச் சொல்ல முடியாத இடம். சார் கேட்டால் "ஒன்னும் இல்ல சார்" என்று சிரிப்பாள். மீதி ஐந்து நாளும் மணலில் ஓடினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வாரம் அச்சரப்பாக்கத்தில் ஒரு டோர்னமென்ட், பள்ளிக்கூட மைதானத்தில். அரையிறுதி. மொட்டை வெயில். இடைவேளையில் நாங்கள் நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். அவள் உட்காராமல் நின்றுகொண்டே தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். சார் வந்தார்.

"முடியுமா, முடியாதா? இப்பவே சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "இவ மிதிச்சா போயிடும் சார்" என்றாள்.

"அப்ப சீக்கிரம் மிதிக்கச் சொல்லு. விசில் அடிக்கப்போறான்."

பக்கத்து வகுப்பறைக்குள் போனோம். நான் கதவைச் சாத்தினேன். அவள் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்து வலது காலை நீட்டினாள். புழுதிக் காலோடு அவள் உள்தொடையில் மிதித்தேன். அடியில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. டிரைவர் மாமா இடுப்பு இப்படி இருந்ததில்லை. அவள் துண்டை வாயில் திணித்துக்கொண்டாள். மூன்று மிதி, ஒரு தள்ளு.

"போயிடுச்சா?" என்றேன்.

"நீ சொல்லு."

"போயிடுச்சு. போ, ஆடு."

என் வாயால் சொன்னேன். சார் சொல்லவில்லை, அவள் நைனா சொல்லவில்லை. நான் சொன்னேன்.

மூன்றாவது ரெய்டு. கோட்டுக்கு எட்டிப்போட்டாள். துணி கிழிகிற மாதிரி ஒன்று எனக்குக் கேட்டது. கேட்டதா, நான் கற்பனை செய்துகொண்டேனா, இன்றைக்கும் தெரியாது. அவள் கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்து இரண்டு கையையும் தொடை நடுவில் அழுத்திக்கொண்டாள். கூட்டத்தில் எவனோ அதைப் பார்த்து விசிலடித்தான். நான்கைந்து பேர் சிரித்தார்கள். நான் அவனை நோக்கி ஓடினேன். இரண்டு பெண்கள் என் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தினார்கள். எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தையையும் அங்கே காலி செய்தேன். அந்த நாயின் முகம் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கட்டுப் போடுகிறவரிடம் போகலாம் என்றார் சார். எண்ணெய் போட்டு உருவலாம் என்றார் அவள் நைனா. நல்ல வேளையாக அவள் அம்மா ஒற்றைக் காலில் நின்று செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த ஒரு பிசியோவிடம் கூட்டிக்கொண்டு போனார். பெண் பிசியோ. நானும் போனேன். மூன்று நாளில் அவள் தொடை முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. பிசியோ அக்கா அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாராவது தேய்ச்சீங்களா? மிதிச்சீங்களா?"

"இல்லக்கா. கீழ வுழுந்துட்டேன்" என்றாள் அவள்.

"தேய்ச்சிருந்தா சொல்லும்மா, திட்ட மாட்டேன். கிழிஞ்ச சதைய அழுத்தினா உள்ள இன்னும் ரத்தம் கசியும். சின்னக் கிழிசல் பெருசாகும்."

நான் வலது காலை இடது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அக்கா மணல் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டார், முட்டிமேல் ஏறி நின்றதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். முதல் சில நாள் ஐஸ், ஓய்வு. அப்புறம் இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு பந்தை வைத்து வலிக்காத அளவுக்கு அமுக்க வேண்டும். அது சுத்தமாக வலிக்காமல் வந்த பிறகு ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது. அப்புறம் நாற்காலிமேல் கால் போட்டு உடம்பைப் பக்கவாட்டில் தூக்குவது. அப்புறம் நேர் ஓட்டம், அதன் பிறகு வளைந்து ஓட்டம், எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் போனஸ். வலித்தால் ஒரு படி கீழே இறங்கி மறுபடியும்.

"எட்டு வாரத்துல செலக்ஷன் கீதுக்கா" என்றாள் அவள்.

"எட்டு வாரத்துல ஆனாலும் ஆகும். ஆகாமலும் போகும். அது உன் கையில பாதி, சதை கையில பாதி."

என்ன பதில் இது என்று எனக்குக் கோபம் வந்தது. ஒரு தேதி சொன்னால் என்ன? எனக்குத் தேதி வேண்டும். சும்மா உட்காருவது எனக்கு ஆகாது; சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். காயம் அவளுக்கு, ஆனால் அந்த வாரங்களில் இருப்புக்கொள்ளாமல் அலைந்தது நான். தினமும் பிராக்டிஸ் முடித்து நேராக அவள் வீட்டுக்குப் போவேன். காற்று இறங்கிய ஒரு ஃபுட்பால் கிடைத்தது. அவள் படுத்துக்கொண்டு முட்டிக்கு நடுவில் வைத்து அமுக்குவாள். நான் நின்றுகொண்டு பத்து எண்ணுவேன்.

"வேகமா எண்ணாதடி."

"நான் சரியாத்தான் எண்றேன்."

"ஒன்னுக்கும் ரெண்டுக்கும் நடுவுல மூச்சு வுடவே டைம் தர மாட்டேன்ற. உன்கூட ஒரே பேஜாரு."

ஒருநாள் பந்தை என் முகத்திலேயே வீசினாள். நான் திருப்பி வீசினேன். அடுப்பிலிருந்து அவள் அம்மா கத்தினார். பிறகு அவளே பந்தை எடுத்து முட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டு, "உம், எண்ணு" என்றாள். பொழுது போகவில்லை என்று பழைய ஆட்டங்களை போனில் பார்ப்பாள். ரெய்டர் காலை நீட்டும்போதெல்லாம் இவள் படுக்கையில் காலை இழுத்துக்கொள்வாள். அவள் நைனா வயலிலிருந்து வந்து வாசலில் நின்று, "இன்னும் எவ்ளோ நாளு?" என்று கேட்பார். எங்களிடம் கேட்கிறாரா, கூரையிடம் கேட்கிறாரா என்று தெரியாது.

மூன்றாவது வாரம் டிரைவர் மாமா மறுபடி வந்து நின்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா வந்து திட்டினார். வாசலுக்கு வந்தவரை அனுப்பலாமா, பெரியவங்க முகத்தில் அடிக்கிற மாதிரிப் பேசலாமா என்று. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இந்தக் கால வெட்டிப் போடணும்னு கீதும்மா எனக்கு."

"அத்த ஏன் வெட்டற? அது மொதல்ல வரவே இல்லையே."

எனக்குப் புரியவில்லை. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னார். வயிற்றுக்குள் கால்தான் கீழே இருந்ததாம். டாக்டர் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டாராம். அம்மா வயிற்றுத் தழும்பு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் தழும்பு என்றுதான் அத்தனை வருஷமும் நான் நினைத்திருந்தேன்.

"அப்ப நான் காலால பொறக்கலையா?"

"கால்தான மொதல்ல வரதா இருந்துச்சு? கீசி எடுத்தது டாக்டரு. அது என் தப்பா?"

"ஊரெல்லாம் ஏன் சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? கேட்டாங்க, கால் கீழ இருந்துச்சுன்னேன். அவங்களா பேசிகினாங்க. நாலு பேருக்கு நல்லதுன்னா இருந்துட்டுப் போவட்டுமே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. அவளிடம் சொல்ல வேண்டும் என்று கிளம்பிப் பாதித் தெருவில் திரும்பிவிட்டேன். என்னவென்று சொல்வது? உன் தொடையில் ஏறி மிதித்தேனே, அந்தக் கால் சாதாரணக் கால் என்றா? சொல்லவில்லை. மறுநாள் போய் வழக்கம்போலப் பத்து எண்ணினேன். கொஞ்சம் மெதுவாக எண்ணினேன்.

ஏழாவது வாரம் பிசியோ அக்கா நேர் ஓட்டத்துக்குச் சரி சொன்னார். ஊர் மைதானத்தில் ஓடினால் கோச் சார் பார்த்துவிட்டு, ஓடுகிறாயே, ஆடு என்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் பஸ் பிடித்து மாமல்லபுரம் போய்விட்டோம். அலை வந்து போகிற ஈரத்தரை, கெட்டியாக இருக்கும். டூரிஸ்ட்டுகள் சூரியனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் குறுக்கே அவள் ஓடினாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. திரும்பி வந்தபோது அழுதுகொண்டே சிரித்தாள். "வலிக்கல மச்சி! சத்தியமா வலிக்கல!" நான் அவளைத் தூக்கிச் சுற்றினேன். இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தோம்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை. செருப்பு, தண்ணீர் பாட்டில், என் பை எல்லாவற்றையும் வரிசையாக வைத்து அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடினாள். நான்காவது திருப்பத்தில் நின்றுவிட்டாள். கை தொடை இடுக்குக்குப் போனது.

"ஒன்னும் இல்ல. மண்ணு வழுக்கிடுச்சு."

நான் குனிந்து செருப்பையும் பாட்டிலையும் பொறுக்க ஆரம்பித்தேன். செலக்ஷனுக்கு ஆறு நாள் இருந்தது.

கல்லூரியின் உள்ளரங்கத்தில் செலக்ஷன். நீல நிற மேட் விரித்திருந்தார்கள். எல்லார் நெஞ்சிலும் நம்பர் எழுதிய தாளைக் குத்தினார்கள். கோச் சார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தேர்வாளர் ஒருவரிடம் அவளைக் காட்டி, "போனஸ் பாருங்க சார், அசந்துடுவீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வார்ம்-அப்பில் அவள் பக்கவாட்டில் இரண்டு அடி வைத்ததைப் பார்த்தேன். முகம் வெளுத்தது. என் கையைப் பிடித்துப் பாத்ரூம் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ஈரமாக இருந்த சிமென்ட் தரையில் ஒருக்களித்துப் படுத்தாள்.

"மிதி."

"மாட்டேன்."

"மிதிடி. அடுத்த பேட்ச் நம்மளுது."

"என் கால்ல ஒரு மண்ணும் இல்லடி. நான் காலால பொறக்கவே இல்ல. எங்கம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. இப்பதான் எனக்கே தெரியும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு எப்பவோ தெரியும். எங்கம்மாவும் உங்கம்மாவும் ஒரே வார்டு."

"தெரிஞ்சுமா அன்னிக்கு என்னை மிதிக்கச் சொன்ன?"

"அன்னிக்கு ஆடணும்னு இருந்துச்சு. வலிக்குதேன்னு பயமாவும் இருந்துச்சு. யாராவது ஒருத்தர் ஆடுன்னு சொன்னா போதும்னு இருந்துச்சு. சாரைக் கேட்டா ஆடுன்னுதான் சொல்லுவாரு, எங்கம்மாவைக் கேட்டா வேணாம்னுதான் சொல்லும். நீ நெசத்தை சொல்லுவன்னு நெனச்சேன்."

"நான்தான் போயிடுச்சுன்னு சொன்னேனே."

"ஆமா. சொன்ன."

வெளியே விசில் சத்தம். அவள் என்னை நேராகப் பார்த்தாள். "இப்ப சொல்லு. கால வுடு, வாயால சொல்லு. ஆடட்டா, வேணாமா?"

அந்த இடம் ஒன்றே ஒன்று. அவள் ஆடினால் அது அவளுக்கு. ஆடாவிட்டால் அடுத்து நான்தான். இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கடற்கரையில் நான்காவது திருப்பத்தில் அவள் கை போன இடமும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடின. ஒன்றை மட்டும்தான் நினைத்தேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

"ஆடாத" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நீயே போய் சார்கிட்ட சொல்லு. நான் சொன்னா பயந்து ஓடிட்டான்னு சொல்லுவாங்க."

போனேன். கோச் சாரிடம், தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்த மேசைக்கு முன்னாலேயே சொன்னேன். அவளுக்கு இன்னும் ஆறவில்லை, வளைந்து ஓடினால் வலிக்கிறது, இன்றைக்கு ஆடினால் மறுபடியும் கிழியும் என்று. சார் முதலில் நம்பவில்லை. பிறகு முகம் சிவந்தது.

"உன்னை யாரு கேட்டா? நீயும் அதே சீட்டுக்குத்தான வந்துகீற? கூடவே இருந்து இப்படி குழி பறிக்கிறியே, வெக்கமா இல்ல?"

அரங்கத்தில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். இல்ல சார், நான்தான் சொல்லச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அவள் குனிந்து நெஞ்சிலிருந்த நம்பர் தாளின் பின்னைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழற்றினாள்.

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் ஆடிய ஆட்டத்திலேயே அன்று ஆடியதுதான் ஆட்டம். கோபம், வேறொன்றும் இல்லை. பாடி வந்தவளின் கணுக்கால் யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை. பிடித்தேன், இழுத்தேன், சாய்த்தேன். சாயங்காலம் லிஸ்ட் ஒட்டினார்கள். இரண்டாவது பெயர் என்னுடையது.

அவள் கம்பெனி பஸ் ஏறினாள். அந்தக் கல்லூரியில் அடுத்த வருஷம் பெண்கள் கபடிக்கு ஆளே எடுக்கவில்லை. தபாலில் டிகிரி முடித்தாள், இப்போது அதே கம்பெனியில் சூப்பர்வைசர். நான் கல்லூரி முடித்து, பி.டி. டீச்சர் படிப்பு படித்து, சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். என் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் முட்டிக்கு நடுவில் பந்து வைத்து அமுக்கியாக வேண்டும், நாற்காலிமேல் கால் போட்டுத் தொங்கியாக வேண்டும். மணலில் ஓட வேண்டுமென்றால் முதல் வாரம் பத்து நிமிஷம், அப்புறம்தான் கூட்டுவேன். எவர் முட்டியிலும் எவரும் ஏற முடியாது. "மிஸ், போர் அடிக்குது" என்பார்கள். அடிக்கட்டும் என்பேன். இடுக்கில் வலித்தால் இடுக்கில் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லவும் பழக்கியிருக்கிறேன். முதல் மாதம் சிரிப்பார்கள், பிறகு சொல்லிவிடுவார்கள்.

ஊரில் மட்டும் கதை மாறவில்லை. கூட்டாளியைக் கவிழ்த்துவிட்டு சீட்டு வாங்கினவள் என்றுதான் எனக்குப் பெயர். கோச் சார் எதிரில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொள்வார். என் கல்யாணப் பேச்சில்கூட யாரோ இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது இல்லை என்று சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான்.

போன மாதம் பொங்கல் டோர்னமென்டில் அவள் ஆடுவதைப் பார்த்தேன். லீவு நாளில் மட்டும் ஆடுகிறாள். கால் சும்மா பறக்கிறது. நான்கு போனஸ் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் நான் கத்திய கத்தலில் மறுநாள் குரலே வரவில்லை. ஆட்டம் முடிந்து டீக்கடையில் நின்றோம். அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே டீயை ஊதி ஊதிக் குடித்தாள். இத்தனை வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நீதான என்னை சொல்லச் சொன்ன? ஒரு தடவ சார்கிட்ட சொல்லேன்டி. ஊருக்குத் தெரியட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் எல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் பார்த்தாள்.

"சீட்டு உனக்குத்தான வந்துச்சு?" என்றாள். "அப்புறம் இன்னா?"

டம்ளரை வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போனாள். அவள் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.